சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு ஒரு வாரக் கப்பல் பயணம்: காசுக்குத் தகுந்ததா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரம் கப்பலில் போவது கொடுத்த காசுக்கு ஏமாற்றம் தராத பயணம்தான். ஆனால் அந்தக் காசு எதற்காகப் போகிறது என்று தெரிந்துகொண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். கப்பலுக்குள் இருப்பதெல்லாம் எந்தக் கடலில் போனாலும் கிடைக்கும்: நீச்சல்குளம், சூதாட்டக்கூடம், ராத்திரி ஆட்டம்பாட்டம். அலாஸ்கா வெளியே இருக்கிறது, டெக்கில் கைப்பிடிக் கம்பியோரம் குளிரில் நின்றால்தான் கண்ணில் படும். சிக்கல் என்னவென்றால் கப்பல் கம்பெனி சம்பாதிப்பது நாம் உள்ளே இருக்கும்போது, அதனால் வாரம் முழுக்க நம்மை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. இங்கே நான் புலம்பப் போவதில் முக்கால்வாசி, மூவாயிரம் பேர் ஏறும் எந்தக் கப்பலுக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

போனது நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டிவலி உண்டு, சுத்த சைவம். ஆகவே வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கும்.

வழி இதுதான். சியாட்டிலில் ஏறி, ஒரு நாள் கடலிலேயே போய், கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று மூன்று ஊர்கள், பிறகு கிளேசியர் பே தேசியப் பூங்கா, திரும்பி வரும் வழியில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலைப் பொழுது, மறுபடி சியாட்டில். விக்டோரியா எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1886-இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆட்களை வேறு நாடு எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்க முடியாது. பெரிய பயணக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கொடியோடுதான் ஓடுகின்றன. ஆகவே சட்டத்துக்காக விக்டோரியாவைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். இதனால் நமக்கு வரும் தலைவலி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசாவும் தேவை. கிரீன் கார்டு இருந்தால் வேண்டாம், சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குக் கட்டாயம். நான் கீழே இறங்கவே போவதில்லை என்று சொன்னாலும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அம்மாவுக்கு விசா கட்டணம் 100 கனடா டாலர், கைரேகைக்கு 85. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விக்டோரியா வரும்போது திரும்பச் சொல்கிறேன். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக் கூடியதாக இருக்க வேண்டும், கனடாவைத் தொட்டுவிட்டுத் திரும்ப நுழைகிறீர்கள் அல்லவா?

இன்னொன்று, புறப்படும் இடம் சியாட்டிலா வான்கூவரா என்பது விலை வித்தியாசம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் ஏறிப் போகின்றன. முதல் நாள் பார்க்க ஒன்றுமில்லை, கப்பல் ஆடும், பஃபேயில் பாதி பேர் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்கள். வான்கூவர் கப்பல்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒடுங்கிய நீர்வழியில் போகும். அங்கே சீமோர் நெரோஸ் என்று ஓர் இடுக்கு இருக்கிறது. அதன் நடுவே நீருக்கடியில் ரிப்பிள் ராக் என்ற இரட்டைப் பாறை முனை பல காலமாகக் கப்பல்களைக் கிழித்து நூற்றுக்கும் அதிகமான உயிர்களைக் குடித்திருந்தது. கடைசியில் கடலுக்கடியில் சுரங்கம் தோண்டிப் போய் 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள், அணுகுண்டு இல்லாமல் மனிதன் வைத்த பெரிய வெடிகளில் அதுவும் ஒன்று. இரண்டு கரையும் தெரியப் போகிற அந்த வழிக்காகவே இன்னொரு தடவை வான்கூவரில் ஏற ஆசை. வயிற்றைப் பிரட்டும் ஆட்கள் கூட இருந்தால் சியாட்டிலை யோசித்து எடுங்கள்.

கப்பலைப் பற்றி. அறை சுத்தம், படுக்கை சுகம், அறையைப் பார்த்துக்கொண்ட பிலிப்பைன்ஸ் பையன் தங்கமான பையன். அம்மாவுக்காகப் பால்கனி அறை எடுத்திருந்தோம். முட்டி வலிக்காரர்களுக்கு அது நல்லதுதான், போர்வையைப் போர்த்திக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிடலாம். கால் நன்றாக இருப்பவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து சன்னல் இல்லாத உள் அறை எடுத்துக்கொள்ளலாம் என்பேன். பால்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும். திமிங்கிலம் எப்போதும் அடுத்த பக்கத்தில்தான் வரும் என்பது கப்பலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. மேல் டெக்கில் இரண்டு பக்கமும் ஓடலாம்.

சாப்பாடு பரவாயில்லை ரகம். சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தோம், முதல் ராத்திரி தலைமைப் பரிமாறுநர் மேசைக்கே வந்து மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார், அவர் புண்ணியத்தில் தினமும் பருப்பும் ஏதாவது ஒரு கறியும் கிடைத்தது. உப்பும் காரமும் நமக்குத் தகுந்தபடி இருந்தது, வெள்ளைக்காரர்களே அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டு வாங்கினார்கள். காப்பிதான் கொடுமை. "ஏன்டா, இவ்வளவு பெரிய கப்பலைக் கட்டத் தெரிஞ்சவனுக்கு ஒரு வாய் காப்பி போடத் தெரியலையே" என்று அம்மா தினமும் ஒரு தடவை கேட்டார்.

எரிச்சல் எங்கே என்றால், விற்பனையில். கடலில் போகும் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் ஏதாவது ஒன்று. ஓவிய ஏலம், பாதி விலைக் கைக்கடிகாரம், முகத்துக்குக் களிம்பு பூசும் ஸ்பா, பிங்கோ. "துறைமுகம் பற்றிய உரை" என்று போட்டிருந்தார்களே என்று ஆர்வமாகப் போய் உட்கார்ந்தால், முக்கால் மணி நேரம் எந்த ஊரில் எந்தக் கடையில் வைரம் வாங்கலாம், எந்தக் கடையில் இலவசமாகச் சங்கிலிப் பதக்கம் தருவார்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஊர் பற்றி ஒரு வரி இல்லை. இதோடு தலைக்கு நாளொன்றுக்கு 16, 17 டாலர் என்று டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும், இணையத்துக்குத் தனிக் காசு, நல்ல காப்பி வேண்டுமென்றால் அதற்கும் தனிக் காசு. விளம்பரத்தில் பார்க்கும் விலையோடு ஒரு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

கெட்சிகனில் மழை. எப்போது போனாலும் மழைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 150 அங்குலம் பெய்யும் ஊர். கப்பல் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மழையளவு காட்டும் பெரிய பலகை ஒன்றைப் பெருமையோடு வைத்திருக்கிறார்கள். குடை உதவாது, காற்று திருப்பிவிடும். தலைமூடியோடு கூடிய மழைக்கோட்டு வேண்டும். ஊரைச் சுற்றி இருப்பது டோங்காஸ் தேசிய வனம், அமெரிக்காவிலேயே பெரிய தேசிய வனம், மழைக்காடு என்றால் வெப்பமண்டலம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பாசி தொங்கும் குளிர்க்காடு புதுசு.

ஊருக்குள் கிரீக் ஸ்ட்ரீட் என்று ஓர் இடம். தெரு என்கிறார்கள், கீழே தரை கிடையாது, ஓடைக்கு மேலே மரக்கால் நட்டுப் பலகை போட்டு அதன் மேல் வரிசையாக வீடுகள். 1954-இல் மூடச் சொல்லும் வரை அது ஊரின் விபசார விடுதித் தெரு. மீனும் மீன்பிடிக்கிறவனும் சந்ததி பெருக்க ஏறிப் போகிற ஓடை என்று ஊர்க்காரர்களே கிண்டலடிப்பார்கள். டாலி ஆர்தர் என்ற பெண்மணி வாழ்ந்து தொழில் செய்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கோடையின் பிற்பாதியில் போனால் பலகைப் பாலத்தில் நின்று குனிந்தாலே போதும், சால்மன் மீன்கள் தண்ணீரை எதிர்த்து அடைத்துக்கொண்டு ஏறுவது தெரியும். நாங்கள் போனபோது ஒரு மீன் ஒரே கல்லுக்குப் பின்னால் வாலை அசைத்தபடி அங்கேயே நின்றது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. முதுகுத் தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. அம்மா அதை விட்டு நகரவே இல்லை. பின்னால் வைரக்கடைப் பதக்கம் வாங்க ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

கெட்சிகனில் குலமரக் கம்பங்களைப் பார்க்காமல் வந்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான டிலிங்கிட், ஹைடா மக்கள் செடார் மரத்தைக் குடைந்து செதுக்கி நிறுத்தும் கம்பங்கள் இவை. கும்பிடுவதற்கு என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள், கும்பிடும் வழக்கமே கிடையாது. குலக்கதை, நினைவு, உரிமை, சில சமயம் கடன் பாக்கி, இதைத்தான் அந்தக் கம்பங்கள் பேசும். ஊருக்குத் தெற்கே சாக்ஸ்மன் என்ற டிலிங்கிட் ஊரில் உள்ள சீவர்ட் கம்பத்தின் கதை கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ரஷ்யாவிடமிருந்து 1867-இல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவர்ட், பதவி முடிந்து 1869-இல் இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வந்தார். டிலிங்கிட் தலைவர் ஒருவர் விருந்து வைத்துப் பரிசுகளைக் குவித்து அனுப்பினார். அவர்கள் வழக்கப்படி வாங்கினவர் திருப்பிச் செய்ய வேண்டும். சீவர்ட் செய்யவில்லை. அதனால் அவர் உருவத்தைச் செதுக்கி, காதிலும் மூக்கிலும் சிவப்புச் சாயம் பூசிக் கம்பத்தில் ஏற்றிவிட்டார்கள். மொய் எழுதாமல் போனவனை ஊர் நடுவே நிறுத்தி வைத்த மாதிரி. மரம் மக்கினால் புதிதாகச் செதுக்கி மறுபடி நட்டுவிடுகிறார்கள், கணக்கை மூடுகிற எண்ணமே இல்லை.

ஜூனோ எனக்குக் கலவையான அனுபவம். அலாஸ்காவின் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து சாலையில் போய்ச் சேர முடியாது. பின்னால் மலையும் பனிப்பரப்பும், முன்னால் கடல். விமானம் அல்லது கப்பல்தான். 1880-இல் கோவி என்ற டிலிங்கிட் தலைவர் வழி காட்ட, ஜோ ஜூனோ, ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற இரண்டு பேர் அங்கே தங்கம் கண்டார்கள். வழி காட்டினவரை விட்டுவிட்டு மற்றவர் பெயர் ஊருக்கு வந்தது. முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு 2023-இல் கப்பலில் வந்து இறங்கியவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2024-லிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஐந்து என்றாலே நடைபாதையில் தோள் இடிக்கும். கப்பல் நிற்கும் இடத்தை ஒட்டிய தெருவில் நகைக்கடை, நகைக்கடை, டி-ஷர்ட் கடை, மறுபடி நகைக்கடை. பல கடைகள் கப்பல் காலம் முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடும். "இது உள்ளூர்க்காரர் கடை" என்று சன்னலில் எழுதி ஒட்டியிருக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து 12 மைல். கப்பலில் விற்கும் பேருந்துப் பயணம் வேண்டாம், இறங்கியதும் துறையிலேயே போகவர விடும் தனியார் பேருந்துகள் நிற்கும். இன்னும் மலிவு வேண்டுமென்றால் நகரப் பேருந்து, ஆனால் கடைசி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். ஏரிக்கு எதிர்க்கரையில் இருந்து பார்த்தாலே நீலம் கண்ணைக் குத்தும். பல காலம் நசுங்கி இறுகிய பனிக்கட்டி ஒளியில் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே விடுகிறது, மேகமூட்டமான நாளில் அந்த நீலம் இன்னும் தூக்கலாகத் தெரியும். அதனால் வெயில் இல்லையே என்று அழ வேண்டாம். பக்கத்தில் நகெட் அருவி வரை போகும் பாதை அநேகமாகச் சமதளம், அம்மாவே நிதானமாக நடந்து போய் வந்துவிட்டார். பனியாறு ஆண்டுதோறும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. 1962-இல் கட்டிய பார்வையாளர் மையத்தின் சன்னலில் நின்றால், அன்றைக்கு அது எங்கே இருந்தது, இன்றைக்கு எங்கே போய்விட்டது என்பது தெரிகிறது.

திமிங்கிலம் பார்க்கும் படகைக் கப்பல் வழியாகவே பதிவு செய்தோம். அதில்தான் எனக்குக் கோபம். மழையில் பேருந்துக்காக முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள், வயதானவர்களுக்கு ஒரு நாற்காலி இல்லை, கேட்டதற்கு அது வெளி ஆட்கள் நடத்துவது எங்கள் பொறுப்பில்லை என்றார் கப்பல் ஆள். பணம் மட்டும் அவர்கள் கணக்கில்தான் போனது. தாமதமானதைக் கழித்துக்கொண்டு படகு நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். படகு புறப்பட்ட பிறகு மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாயில் பட்டினியாகக் கழித்துவிட்டுக் கோடையில் இங்கே வந்து தின்று தீர்க்கின்றன. நூறு கஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, படகோட்டி பெண்மணி அதைக் கறாராகக் கடைப்பிடித்தார், இஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். மூச்சு விடும் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் மீன் நாற்றம், அதன் பிறகுதான் முதுகு. நாற்றம் வரும் என்று யாரும் சொல்லவே இல்லை.

ஸ்காக்வேதான் மூன்று ஊரில் எனக்குப் பிடித்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், கப்பல் வரும் நாளில் அதைப் போலப் பல மடங்கு கூட்டம். ஆனாலும் இந்த ஊருக்குக் கூட்டம் பழக்கம்தான். 1896-இல் கனடாவின் யூக்கான் பகுதியில் க்ளோண்டைக் தங்கம் கிடைத்தது, மறு ஆண்டு ஜூலையில் தங்க மூட்டைகளோடு ஒரு கப்பல் சியாட்டிலில் வந்து நின்றதும் உலகம் முழுக்கப் பித்துப் பிடித்தது. ஒரு லட்சம் பேர் வரை கிளம்பியிருப்பார்கள் என்பது கணிப்பு, போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. இறங்கிய இடம் ஸ்காக்வேயும் பக்கத்து டையேயும். அங்கிருந்து மலை ஏற வேண்டும். ஓராண்டுக்கான சாமான் இல்லாமல் யாரையும் கனடாவுக்குள் விட மாட்டோம் என்று கனடா காவல்படை எல்லையில் நின்றது. ஆளுக்கு ஒரு டன் எடை. அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, வைத்துவிட்டு இறங்கி, அடுத்த மூட்டையைத் தூக்கி என்று ஒரே மலையைப் பத்து இருபது தடவைக்கு மேல் ஏறினார்கள். வெள்ளைக் கணவாய் வழியில் குதிரைகளைக் கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ மூவாயிரம் குதிரைகளைச் சாகடித்தார்கள், அந்தப் பள்ளத்துக்குச் செத்த குதிரைப் பள்ளம் என்றே பெயர்.

இந்த ஊரில் வில்லியம் மூர் என்று ஒரு பழைய கப்பல் தலைவர் 1887-லேயே வந்து நிலம் பிடித்து வீடு கட்டியிருந்தார், ஒருநாள் இந்த வழியாகத் தங்கத்துக்கு ஆள் வருவார்கள் என்று கணித்து. பத்தே ஆண்டில் வந்தார்கள். வந்தவர்கள் அவர் நிலத்திலேயே மனை போட்டுத் தெரு வகுத்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் குடிசை இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். சோப்பி ஸ்மித் என்ற எத்தன் கதையும் ஊர் முழுக்கக் கிடைக்கும். ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் தந்தி அனுப்புகிறேன் என்று கடை போட்டானாம், ஊருக்குத் தந்திக் கம்பியே வராத காலத்தில். 1898 ஜூலை 8 அன்று துறைமேடையில் நடந்த சண்டையில் சுடப்பட்டுச் செத்தான், அவனோடு சுட்டுக்கொண்ட ஃப்ராங்க் ரீடும் காயம் தாங்காமல் சில நாளில் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் ஊருக்கு வெளியே ஒரே இடுகாட்டில். ஊரின் பழைய கட்டடங்கள் பல தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன, ரேஞ்சர்கள் இலவசமாகவே ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். கப்பலில் இதை யாரும் சொல்லவில்லை, சொல்வார்களா என்ன?

வெள்ளைக் கணவாய் ரயில் கட்டாயம் போக வேண்டியது. கட்டணம் நூறு டாலரைத் தாண்டும், நான் கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஒரே காசு அதுதான். 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த மூன்றடி அகலக் குறும்பாதை. இருபது மைலில் கடல் மட்டத்திலிருந்து 2,865 அடி ஏறுகிறது. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு அந்தப் பக்கம். பெட்டிகளுக்கு நடுவே சின்ன மேடை உண்டு, அங்கே நிற்க விடுகிறார்கள். பாறையைக் குடைந்து போட்ட பாதைக்குக் கீழே, அந்தக் காலத்தில் தங்கம் தேடிப் போனவர்கள் நடந்த தடம் ஒரு கோடு போல இன்னும் தெரிகிறது, ஓர் ஆள் ஒதுங்க இடமில்லாத அகலம். அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கத்துக்கா இந்தப் பாடு" என்று கேட்டுவிட்டுத் தன் வளையலைப் பார்த்துக்கொண்டார். படி ஏறத்தான் கொஞ்சம் சிரமம், ஊழியர்கள் கைகொடுத்தார்கள்.

கடைசியாகக் கிளேசியர் பே. மொத்தப் பயணமும் இந்த ஒரு நாளுக்காக. ஒரு நாளைக்கு இரண்டு பயணக் கப்பலுக்கு மேல் பூங்கா நிர்வாகம் அனுமதிப்பதில்லை. அதனால் எல்லா அலாஸ்காக் கப்பலும் இங்கே போகாது, சில ஹப்பர்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற ஒடுங்கிய கடல் இடுக்குக்கோ போகும். அவையும் அழகுதான், ஹப்பர்ட் பெரியது, ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் இந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், நீச்சல்குளத்தில் சறுக்கு எத்தனை என்று பார்ப்பதைவிட இது முக்கியம். காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து ஓடுகிற கப்பலில் ஏணி பிடித்து ஏறுகிறார்கள். அன்று முழுக்க ஒலிபெருக்கி அவர்கள் கையில். ஏலக்காரர் வாய் மூடியிருந்த ஒரே நாள்.

ரேஞ்சர் சொன்னதில் மனதில் நின்றது இது. 1794-இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது குடா என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை, வாசலிலேயே பனிச்சுவர். 1879-இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் வந்தபோது பனி நாற்பது மைலுக்கு மேல் உள்ளே போயிருந்தது. இன்றைக்குக் கப்பல் 65 மைல் உள்ளே போய்த்தான் பனியைத் தொடுகிறது. அதற்கும் முன்னால் அது ஹூனா டிலிங்கிட் மக்கள் குடியிருந்த பள்ளத்தாக்கு, பனி முன்னேறி வந்து அவர்களை விரட்டியது. பனி விலகியபோது பூங்கா என்று அறிவித்து, வேட்டைக்கும் கடற்காக முட்டை எடுக்கவும் தடை போட்டார்கள். 2016-இல்தான் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுக்கான குலவீடு ஒன்று எழுந்தது.

மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் கப்பல் நின்றது. ஒரு மைல் அகலம், நீருக்கு மேலே மட்டும் 250 அடி உயரம். கப்பலை மெதுவாகச் சுற்றிக் காட்டினார்கள், ஆகவே எந்தப் பக்கத்து அறை நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் சாம்பல் கலந்த பச்சை, மலையை அரைத்த மாவு அதில் கரைந்திருக்கிறது. மிதக்கும் கட்டிகள் சின்னச் சின்னதாக வெடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே அடைபட்டிருந்த பழைய காற்று வெளிவரும் சத்தம் அது. சுவரிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. விழுந்ததை முதலில் பார்த்தோம், தண்ணீர் எழும்பி அடங்கத் தொடங்கிய பிறகுதான் இடி மாதிரி சத்தம் வந்து சேர்ந்தது. அப்போதுதான் தூரமும் அளவும் உறைத்தது. விழுந்த இடத்தில் கடற்பறவைகள் கூட்டமாக இறங்கின, கலங்கி மேலே வரும் மீனுக்காக. பக்கத்திலேயே கிராண்ட் பசிபிக் பனியாறு, ஒரு காலத்தில் இந்தக் குடா முழுவதையும் நிரப்பிக் கிடந்தது அதுதான். இப்போது மண்ணும் கல்லும் மூடி, யாரும் சொல்லாவிட்டால் பனி என்றே தெரியாது. பெரும்பாலானவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் டெக்கில் பாதி காலி, உண்மையிலேயே. நாங்கள் பஃபேயிலிருந்து ரொட்டியும் சீஸும் சுருட்டி எடுத்துவந்து நின்றுகொண்டே சாப்பிட்டோம். கையுறை, காதை மூடும் தொப்பி, பைனாகுலர் இந்த மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். ஜூலையிலும் பனிக்காற்று எலும்பில் ஏறும்.

விக்டோரியாவுக்குக் கப்பல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இருட்டிய பிறகு இறங்கி, ஒளிவிளக்கு போட்ட சட்டமன்றக் கட்டடத்தையும் 1908-இல் கட்டிய எம்ப்ரஸ் விடுதியையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தோம், கடைகள் எல்லாம் மூடியாகிவிட்டது. அம்மா களைப்பாக இருக்கிறது என்று இறங்கவே இல்லை. 185 கனடா டாலர்.

சிட்கா எங்கள் வழியில் இல்லை, அது எனக்குப் பெரிய குறை. ரஷ்யர்கள் ஆண்ட காலத்தில் அலாஸ்காவின் தலைநகரம் அதுதான், 1867 அக்டோபர் 18 அன்று ரஷ்யக் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியதும் அங்கேதான். அங்குள்ள ரஷ்ய தேவாலயம் 1966-இல் எரிந்தபோது ஊர்க்காரர்கள் ஓடிப்போய்த் திருவுருவப் படங்களைக் காப்பாற்றிவிட்டு, பிறகு அதே வடிவத்தில் திரும்பக் கட்டினார்களாம். பழைய துறைமுக ஊர்களில்தான் ஆர்வம் என்றால் சிட்காவும் ஸ்காக்வேயும் சேர்ந்து வரும் வழியாகத் தேடுங்கள். கிடைப்பது குறைவு, ஆனால் உண்டு. இன்னொரு வழி, 1963-லிருந்து ஓடும் அலாஸ்கா அரசுப் படகுப் போக்குவரத்து. ஊர் ஊராக இறங்கி ஏறலாம், டெக்கிலேயே கூடாரம் போட்டுத் தூங்குகிறவர்கள்கூட உண்டு, ஏலம் விட ஆள் கிடையாது. முட்டிவலி உள்ளவர்களோடு முடியாது, இளசுகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

மதிப்பெண் கேட்டால்: வழிக்கு ஐந்துக்கு ஐந்து, கப்பலுக்கு மூன்று, கரைப் பயண ஏற்பாட்டுக்கு ஒன்றரை. மே மாதமும் செப்டம்பரும் விலை குறையும். மே மாதத்தில் மழை கொஞ்சம் குறைவு, மலையில் பனி அதிகம், சால்மன் இருக்காது. செப்டம்பரில் மழை வெளுத்து வாங்கும். அம்மாவிடம் கேட்டேன், மறுபடி போகலாமா என்று. காப்பிப் பொடியும் ஃபில்டரும் எடுத்துக்கொண்டு போவதானால் சரி என்றார். வெந்நீர் அறைக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இலவசம்தான், விசாரித்துவிட்டேன்.